பூட்டனைத் தேடி... மூணு வரி போதும்!

அமெரிக்காவுல வம்சாவளி தேடுறது பெரிய பொழுதுபோக்கு. 1790-லயே மக்கள்தொகைக் கணக்கு எடுத்து, குடும்பத் தலைவர் பேரை எழுதி வெச்சிருக்கான். வீட்டு பைபிள்ல பிறப்பு, இறப்பு குறிச்சு வைக்கிற பழக்கமும் உண்டு. "நமக்கு ஏதுங்க அந்தக் கொடுப்பினை?"ன்னு நண்பர் ஒருத்தர் பெருமூச்சு விட்டார். முத்துக்குளித்துறைக்காரன் எவனும் அப்படிப் பெருமூச்சு விடக் கூடாதுங்கிறது என் கட்சி.

1530-கள்ல இங்க பரதவர்கள் கிறிஸ்தவம் தழுவினாங்க. 1542-ல சவேரியார் வந்தார். 1563-ல திரெந்து பொதுச்சங்கம், ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் பங்குல பதிவேடு வைக்கணும்னு விதி போட்டது. அமெரிக்கான்னு ஒரு நாடு பிறக்க அப்போ இன்னும் இருநூறு வருஷத்துக்கு மேல இருந்தது!

அதுக்காக எல்லா ஏடும் பத்திரமா இருக்குன்னு சொல்ல வரலை. 1658-ல டச்சுக்காரன் தூத்துக்குடியைப் பிடிச்சான். ஆட்சிகள் மாறிச்சு. உப்புக்காத்தும் கரையானும் மட்டும் மாறவே இல்லை.

இருந்தாலும் மிஞ்சின ஏடுகளோட மதிப்பு வேற. முத்துக்குளிப்பு பத்தி அரசாங்க ஆவணங்கள் வண்டி வண்டியா இருக்கு. எத்தனை தோணி, எவ்வளவு சிப்பி, குத்தகை எவ்வளவுன்னு கணக்கு உண்டு. மூச்சடக்கி முங்கினவன் பேரு? தேடினாலும் அபூர்வம். அந்தச் சாதாரண மனுஷன் பேரு ஏறுறது பெரும்பாலும் மூணே இடத்துல: ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம். ஒரு வாழ்க்கைக்கு மூணு வரி.

அந்த மூணு வரியைக் கண்டுபிடிக்கிறதும் லேசுப்பட்ட காரியம் இல்லை. பழைய ஏடுகள்ல லத்தீன் நடமாட்டம் ஜாஸ்தி. அது போக, ஊரு பூரா பெர்னாண்டோ! எங்க பூட்டன் பேர்லயே ஒரே ஏட்டுல நாலு பேரு. கடைசில ஆளைக் காட்டிக் கொடுத்தது எது தெரியுமா? பூட்டியோட பேரும், பிள்ளைகளோட ஞானத்தாய் பேரும்தான். வீட்டுல காலங்காலமா சொல்ற கதைகள்ல ஆம்பளைங்க வீரம் மட்டும்தான் இருக்கு, அந்தப் பொம்பளைங்க பேரே இல்லை. ஏடு மறக்காம வெச்சிருக்கு பாருங்க.

இதனாலதான் சொல்றேன். "நாங்க ராஜ பரம்பரை"ன்னு கல்யாணப் பத்திரிகையில போட்டுக்கிறதுக்காகத் தேடாதீங்க. முங்கிச் செத்தவனோ, கரையில சிப்பி பொறுக்கினவளோ, யாரா இருந்தாலும் நம்ம ஆளுதான்னு நினைச்சுத் தேடுங்க. பங்குகளும் நூறு வருஷத்துக்கு முந்தின ஏடுகளையாவது படம் பிடிச்சு வைக்கட்டும். உயிரோட இருக்கிறவங்க விவரத்தை வெளியில விட வேண்டாம், பழசைக் காப்பாத்தினா போதும். தேர் புதுப்பிக்க வரி போடுற ஊரு, ஏடு காக்க நாலு காசு போடக் கூடாதா?

அப்புறம், வீட்டுல ஆச்சி இருந்தா இன்னைக்கே ஒரு நோட்டை எடுத்துட்டுப் பக்கத்துல உக்காருங்க. பேரு, ஊரு, பட்டப்பேரு, யாரு யாருக்கு ஞானத்தகப்பன், எல்லாத்தையும் எழுதிக்கோங்க. ஏடாவது காத்திருக்கும், ஆச்சி காத்திருக்க மாட்டாங்க.