ஓராண்டு ஒப்பந்தத்தில் பத்தாண்டு ஆராய்ச்சியா?

ஒன்றியப் புவி அறிவியல் அமைச்சகச் செயலர் அவர்களுக்கு,

2024 செப்டம்பரில் புனேயில் 'அர்க்கா', நொய்டாவில் 'அருணிகா' என்ற இரு மீக்கணினிகள் பயன்பாட்டுக்கு வந்தன. மொத்தச் செலவு 850 கோடி ரூபாய். அவசியமான முதலீடுதான். ஆனால், அவற்றில் ஓடும் வானிலை, காலநிலை மாதிரிகளை எழுதித் திருத்தும் இளைஞர்களுக்காக உங்கள் துறை நிறுவனங்கள் வெளியிடும் வேலை அறிவிப்புகளைப் பாருங்கள். திட்ட விஞ்ஞானி, திட்ட உதவியாளர் என்று பதவியின் பெயர் மாறும். தற்காலிகம் என்ற நிபந்தனை மாறாது. பெரும்பாலும் முதலில் ஓராண்டு, பிறகு திட்டம் நீடித்தால் நீட்டிப்பு. முனைவர் பட்ட ஆய்வுக்கு மாதம் 37,000 ரூபாயில் தொடங்கி ஐந்தாண்டு உதவித்தொகை கொடுத்து உருவாக்கிய ஒருவரை, பட்டம் வாங்கியதும் இப்படியா உட்கார வைப்பது?

இந்த வேலையின் இயல்பே ஓராண்டுக்குள் அடங்காதது. ஓர் இடிமேகத்தின் குறுக்களவு சில கிலோமீட்டர்தான். 2025இல் வந்த பாரத் முன்கணிப்பு அமைப்பின் 6 கிலோமீட்டர் கட்டத்துக்குள்ளும் அது முழுதாகப் பிடிபடாது. அதன் விளைவைச் சூத்திரங்களால்தான் ஈடுகட்ட வேண்டும். அச்சூத்திரத்தில் ஓர் எண்ணை மாற்றினால் மேற்குத் தொடர்ச்சி மலை மழை சரியாகலாம், வங்கக்கடல் மழை கெட்டுப்போகலாம். எது எதனால் என்று கண்டறிய, பல ஆண்டுகளின் பருவமழையை மாதிரியில் மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். புனே வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தில் காலநிலை மாற்ற ஆய்வு மையம் 2009இல் தொடங்கியது. அங்கே உருவான புவி அமைப்பு மாதிரி இடம்பெற்ற காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழுவின் (ஐ.பி.சி.சி.) ஆறாவது மதிப்பீட்டு அறிக்கையின் முதல் பகுதி 2021இல்தான் வந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கனமழை வரும் என்று சொல்வதோடு நில்லாமல், எந்த ஊரில் எவ்வளவு என்று சொல்ல வேண்டுமானால் இந்தப் பொறுமையான வேலைக்கு ஆள் நிலைக்க வேண்டும்.

நிரந்தரம் என்றால் மெத்தனம் வரும் என்பார்கள். நான் நிரந்தரம் கேட்கவில்லை. மூன்றாம் ஆண்டில் கறாரான மதிப்பீட்டோடு ஐந்தாண்டுப் பணிக்காலம் கேட்கிறேன். செயற்கை நுண்ணறிவே இனி கணித்துவிடும் என்பது அடுத்த வாதம். கிராஃப்காஸ்ட் போன்ற கருவிகள் பாடம் படித்ததே, ஐரோப்பிய வானிலை முன்கணிப்பு மையம் இயற்பியல் மாதிரியைக் கொண்டு தொகுத்த பல்லாண்டுத் தரவில்தான். அடித்தளத்தை அமைப்பவர் இல்லாமல் மேல்மாடி ஏது? பணம்? திட்ட விஞ்ஞானியின் தொடக்க மாத ஊதியம் 56,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி நீங்கலாக, நூறு பேருக்கு ஐந்தாண்டுக்கு 33.6 கோடி, கணினிகளுக்குச் செலவிட்டதில் 4 விழுக்காடுகூட இல்லை.

ஆகவே, மாதிரி உருவாக்கப் பணிகளை ஐந்தாண்டுக் காலத்துக்கு அறிவியுங்கள். ஆய்வுக் கட்டுரைக்கு இணையாக, மாதிரியில் சேர்க்கப்பட்ட நிரலையும் தேர்விலும் பதவி உயர்விலும் கணக்கில் எடுங்கள். முனைவர் பட்டச் சேர்க்கைக்கு ஆண்டுதோறும் மாறாத தேதி வையுங்கள். மீக்கணினியைச் சில ஆண்டுகளில் எப்படியும் மாற்றத்தான் போகிறோம். அடுத்த கணினிக்கு இந்த மாதிரிகளைக் கொண்டுபோகத் தெரிந்தவர்கள் அன்றைக்கும் உங்கள் நிறுவனங்களில் இருப்பார்களா என்பது, அடுத்த அறிவிப்பில் நீங்கள் குறிப்பிடும் பணிக்காலத்தைப் பொறுத்தது.

இப்படிக்கு,
குடிமக்களில் ஒருவர்