நெஞ்சு பிழைத்தது, சிறுநீரகத்தைக் கேட்பார் யார்?

பத்து காவான் கிராணி ஒருவர் எழுதுவது



சென்ற மாதம் எங்கள் தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் டயாலிசிஸ் யந்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். பெயரை எழுதப் போவதில்லை. வீட்டில் உள்ளவர்கள் வருந்துவார்கள். வயது 54. முப்பது வருஷம் மரம் வெட்டிய கை. “என்ன செய்வது, அவர் விதி” என்று லயத்தில் பேசிக்கொள்கிறார்கள். அப்படிச் சொல்லி முடித்துவிட நான் சம்மதிக்கமாட்டேன். அந்த விதியில் பாதியைச் செக்ரோலில் எழுதியவன் நான்.

நடந்ததைச் சொல்கிறேன். ஒன்றரை வருஷத்துக்கு முன், பெரட்டு முடிந்து நிரைக்குப் போன மனிதர் பத்து மரம்கூட வெட்டவில்லை, மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மண்டோர் உடனே வண்டியில் ஏற்றினார். ஆஸ்பத்திரியில் அடைத்திருந்த இரத்தக் குழாயைத் திறந்து, உள்ளே கம்பிவலை வைத்து உயிரை மீட்டார்கள். ஏழாம் நாள் வீடு திரும்பினார். தோட்டமே போய்ப் பார்த்தது. ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் புட்டியும் மேசையில் இடமில்லாமல் குவிந்தன.

அவர் கொண்டுவந்த காகிதத்தில் ஒரு வரி இருந்தது: கிரியேட்டினின் 138, இரண்டு வாரத்தில் மறுபரிசோதனை. அதை யாரும் கவனிக்கவில்லை. என் கைக்கும் அந்தக் காகிதம் வந்தது. விடுப்பு எத்தனை நாள் என்று பார்க்கத்தான் நான் அதைப் படித்தேன்.

கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு. இந்நாட்டு ஆஸ்பத்திரிக் கணக்கில் ஆண்களுக்குச் சுமார் 110க்குள் இருப்பது வழக்கம். அது ஏறினால் வடிகட்டி சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள். ஆனால் வலி இராது. சிறுநீரகம் பெரும்பகுதி கெட்டுப்போகும் வரையில் மனிதன் நடமாடுவான், மரமும் வெட்டுவான். இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்தாலன்றித் தெரியாது.

நெஞ்சு நோய்க்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருதயம் நிமிஷத்துக்கு ஐந்து லிட்டர் இரத்தத்தை இறைக்கிறது. அதில் ஏறக்குறைய ஒரு லிட்டர் இந்த இரண்டு சிறுநீரகங்களுக்கே போகிறது. மாரடைப்பால் இருதயம் தளர்ந்தால் முதலில் பட்டினி கிடப்பது இவைதாம். போதாக்குறைக்கு, குழாய் அடைப்பைப் படம் பிடிக்கச் செலுத்தும் சாயமும் ஏற்கெனவே பலவீனமான சிறுநீரகத்தை வாட்டக்கூடும். அதற்காகச் சாயத்தை மறுக்க முடியுமா? உயிர் அல்லவா முக்கியம்! பிறகு சோதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மருந்தின் கதையும் இப்படியே. பெரின்டோபிரில் போன்ற மாத்திரை இருதயத்தையும் காக்கும், நீரிழிவுக்காரரின் சிறுநீரகத்தையும் காக்கும். ஆயினும் தொடங்கிய ஓரிரு வாரத்தில் இரத்தம் சோதித்து, கிரியேட்டினினும் பொட்டாசியமும் அளவுக்கு மிஞ்சி ஏறவில்லை என்று டாக்டர் பார்த்தாக வேண்டும். சிறிது ஏறுவது சகஜம்; அதைக் கண்டு நாமாக மாத்திரையை நிறுத்துவது பெருந்தவறு. வாந்தி பேதி கண்ட நாளில் மட்டும் அதை விழுங்கலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம்மவர் இந்தச் சோதனைக்குப் போகவில்லை. ஏன்? முதல் தவணைக்குப் போனார். காலை ஐந்து மணிக்குக் கிளம்பி மாலை மூன்று மணிக்குத் திரும்பினார். ஆஸ்பத்திரியில் எம்.சி. கொடுக்கவில்லை, வந்த நேரமும் போன நேரமும் குறித்த டைம் சிலிப் கொடுத்தார்கள். டைம் சிலிப்புக்குச் சம்பளம் இல்லை என்பது நிர்வாகத்தின் உத்தரவு. செக்ரோலில் அவர் பெயருக்கு எதிரே ‘வரவில்லை’ என்று எழுதினேன். சம்பள நாளில் அவர் என் மேசைக்கு வந்து, “ஐயா, நான் ஊர் சுற்றவா போனேன்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அடுத்த தவணைக்கு அவர் போகவில்லை. அதற்கடுத்ததற்கும் போகவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியை வாரம் ஆறு நாள் வேலைக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. பத்து காவான் பக்கத்திலிருந்து செபராங் ஜெயாவுக்கோ பாலம் கடந்து பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கோ போகும் வண்டிச் செலவு தனி. வைத்தியம் மலிவு, வைத்தியத்துக்குப் போகும் நாள்தான் விலை அதிகம்!

இதற்கிடையில் முழங்கால் வலி வந்தது. கடையில் வலி மாத்திரை வாங்கினார். டைக்ளோபெனாக், போன்ஸ்டான், இபுபுரோபென் என்று பல பெயரில் வரும் இந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைப்பவை. மாரடைப்பு கண்டவருக்கு மறுபடி மாரடைப்பு வரும் அபாயத்தையும் கூட்டுபவை. நீர் பிரிய மாத்திரையும் பெரின்டோபிரிலும் சாப்பிடுகிறவர் இதையும் சேர்த்து விழுங்கினால் மூன்றும் கூடிச் சிறுநீரகத்தை நெரிக்கும். வலிக்கு அளவோடு பெனடோல் போதும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். நம்மவர்களோ ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று நினைக்கிறவர்கள். சந்தையில் பெயரில்லாப் புட்டியில் விற்கும் மூட்டுவலி உருண்டையைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது, எம்.ஏ.எல். எண்ணும் முத்திரையும் இல்லாத எதையும் தொடாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பதினான்கு மாதம் கழித்துக் கால் வீங்கிப் போனபோது கிரியேட்டினின் 600ஐத் தாண்டியிருந்தது.

நிற்க. இது ஒருவர் கதை என்று எண்ண வேண்டாம். நாட்டில் நாட்பட்ட சிறுநீரக நோய் 2011இல் பெரியவர்களில் நூற்றுக்கு 9 பேருக்கு இருந்தது. 2018இல் 15 பேரைத் தாண்டிவிட்டது. அந்த நோயாளிகளிலும் தமக்கு நோய் இருப்பதை அறிந்தவர்கள் நூற்றுக்கு 5 பேர்தாம். 2019ஆம் ஆண்டுச் சுகாதார ஆய்வில் இந்தியர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு நீரிழிவு. நீரிழிவு இருதயத்தையும் சிறுநீரகத்தையும் ஒருங்கே அரிக்கும் கறையான். நம் லயங்களில் யார் வீட்டில் அது இல்லை?

எம்.ஜி.ஆர். படம் மாட்டாத வீடு நம் தோட்டங்களில் அபூர்வம். அவருக்கு நேர்ந்தது என்ன? 1984 அக்டோபரில் சிறுநீரகம் பழுதாகிச் சென்னை ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். தனி விமானத்தில் அமெரிக்காவின் புரூக்ளினுக்குக் கொண்டுபோனார்கள். டிசம்பரில் அண்ணன் மகள் லீலாவதி தந்த சிறுநீரகத்தைப் பொருத்தினார்கள். திரும்பி வந்து முதலமைச்சராக இருந்தவர், 1987 டிசம்பர் 24ஆம் நாள் இருதயம் நின்று மறைந்தார். இருதயம் கெட்டால் சிறுநீரகம், சிறுநீரகம் கெட்டால் இருதயம். எந்த வழியாக வந்தாலும் இரண்டும் ஒரே வண்டியின் மாடுகள். அவருக்கு விமானம் கிடைத்தது. நாங்கள் கேட்பது ஒரு நாள் கூலி.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் நோய் விடுப்பு இருக்கிறது. இரண்டு வருஷத்துக்குக் குறைந்த சேவைக்கு 14 நாள், ஐந்து வருஷத்துக்குள் 18, அதற்கு மேல் 22. ஆஸ்பத்திரியில் படுத்தால் 60. எம்.சி. உள்ளவனுக்கு அது உதவும். டைம் சிலிப் வைத்திருப்பவன் எங்கே போவான்? சிறுநீரகம் முற்றிலும் போன பிறகு, தகுதியுள்ள சந்தாதாரருக்கு டயாலிசிஸ் செலவுக்குச் சொக்சோ உதவுகிறது. நல்ல காரியம், குறை சொல்லவில்லை. போன பிறகு உதவி உண்டு, போகாமல் காக்க ஒரு நாள் இல்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஆகவே என் கருத்து இது. அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில், மாரடைப்புக்குப் பின் முதல் ஒரு வருஷத்துக்கு, ஆஸ்பத்திரித் தவணைச் சீட்டும் டைம் சிலிப்பும் காட்டும் தொழிலாளிக்கு அன்றைய சம்பளம் முழுதாகக் கிடைக்கவேண்டும் என்று சங்கம் கேட்க வேண்டும். வருஷத்துக்கு ஆறேழு நாள் வரும். “எல்லோரும் தவணை என்று கிளம்பிவிடுவார்கள்” என்று முதலாளிகள் சொல்வார்கள். தவணைச் சீட்டில் ஆஸ்பத்திரி முத்திரை இருக்கிறது. மாரடைப்பை யாரும் பொய்யாக வரவழைக்க முடியாது.

கிராணித் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. டிஸ்சார்ஜ் காகிதம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். நம்மிடம் வரும்போது விடுப்பு நாளை மட்டும் பார்க்காமல், கிரியேட்டினின் எவ்வளவு, மறுபரிசோதனை என்றைக்கு என்று படித்துத் தமிழில் எழுதிக் கொடுக்க ஐந்து நிமிஷம் ஆகும். நான் அந்த ஐந்து நிமிஷத்தைச் செலவழிக்கவில்லை.

அவர் இப்போது வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் யந்திரத்தில் கிடக்கிறார். போன வாரம் பார்க்கப் போனேன். பிளிம்பிங் பழம் சாப்பிடக் கூடாதாம், சிறுநீரகம் போனவர்களுக்கு அது விஷமாம். வீட்டுக் கொல்லையில் காய்த்துக் கிடப்பதை என்னை எடுத்துப் போகச் சொன்னார். தீர்மானத்தின் நகலை அவரிடம் படித்துக் காட்டினேன். வண்டிச் செலவையும் அதில் சேர்க்கச் சொன்னார். சேர்த்து, கிளைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன்.