கல்லைப் புரட்டுங்கள், பிறகு ரீல் வாங்கலாம்

டிரவுட் மீனுக்கு உங்கள் ரீல் என்ன விலை என்று தெரியாது. ஆனால் இந்தத் தூண்டில் வித்தையில் புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் பணத்தைக் கொட்டுவது ரீலில்தான். பளபளக்கும் வெளிநாட்டு ரீல், பெட்டி நிறைய வண்ண வண்ணப் போலிப் பூச்சிகள், பத்துப் பன்னிரண்டு பைகள் வைத்துத் தைத்த சட்டை. இத்தனையையும் சுமந்துகொண்டு இமாசலப் பிரதேசத்தின் தீர்த்தன் ஆற்றங்கரைக்குப் போய், காலை முதல் மாலை வரை வீசிவிட்டு, வெறுங்கையோடு விடுதிக்குத் திரும்புகிறார்கள். குறை மீனிடம் இல்லை. சாமான் வாங்கிய வரிசையில் இருக்கிறது.

டிரவுட் நம் நாட்டு மீனே அல்ல. பழுப்பு டிரவுட்டின் தாயகம் ஐரோப்பா. வானவில் டிரவுட் வட அமெரிக்காவின் பசிபிக் பக்கத்து ஆறுகளைச் சேர்ந்தது. ஸ்ரீநகரில் கம்பளத் தொழில் நடத்திய ஃபிராங்க் மிட்செல் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் முயற்சியால்தான் காஷ்மீருக்கு டிரவுட் வந்தது. 1899ல் கப்பலேறிய முட்டைகள் வழியிலேயே அழிந்தன. 1900ல் வந்தவை பிழைத்தன. 1909ல் ஹோவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி குலு பள்ளத்தாக்கில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். தெற்கே, நீலகிரியில் 1860களில் ஃபிரான்சிஸ் டே என்ற ராணுவ மருத்துவர் செய்த முயற்சி தோற்றது. அவலாஞ்சியில் 1907ல் பொரிப்பகம் கட்டிய எச்.சி. வில்சன் காலத்தில்தான் அங்கே வானவில் டிரவுட் காலூன்றியது. வெள்ளைக்காரர்கள் தங்கள் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்து விட்ட மீன், அவர்கள் போன பிறகும் நம் குளிர்ந்த ஓடைகளில் தங்கிவிட்டது.

டிரவுட் தூண்டிலுக்கும் நம் ஊர்க் குளத்துத் தூண்டிலுக்கும் உள்ள வேறுபாடு எடையில் இருக்கிறது. குளத்துத் தூண்டிலில் இரையும் ஈயக் குண்டும் பறந்து போக, நூல் அவற்றின் பின்னால் போகிறது. இங்கே முள்ளில் கட்டியிருப்பது கொஞ்சம் இறகும் ரோமமும்தான். ஊதினால் பறந்துவிடும். அதை 10 மீட்டர் தூரம் கொண்டுபோவது நூலின் எடை. அதனால்தான் நூல் தடிமனாக, பிளாஸ்டிக் பூச்சோடு இருக்கிறது. நூலுக்கு எண் கொடுத்து எடையைக் குறிக்கிறார்கள். 5ம் எண் நூல் என்றால் அதன் முதல் 30 அடி சுமார் 9 கிராம் எடை இருக்கும். 5ம் எண் நூலுக்கு 5ம் எண் கோல். இந்தப் பொருத்தம் தவறினால் எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய கோலும் வெறும் பிரம்புதான்.

ஆகவே வாங்கும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் நல்ல நூல், மிதக்கும் வகை. அடுத்து கோல்: எட்டரை அல்லது 9 அடி நீளத்தில், 4 அல்லது 5ம் எண். கிராஃபைட்டில் செய்த நடுத்தர விலைக் கோல் இமாசலத்துக்கும் காஷ்மீருக்கும் தாராளமாகப் போதும். பைக்குள் அடங்கும்படி நான்கு துண்டாகக் கழற்றக்கூடியதாக இருந்தால் மலைப் பேருந்தில் நிம்மதி. கடைசியில் ரீல். சிற்றோடையில் பிடிபடும் ஒன்றரைச் சாண் டிரவுட்டுக்கு ரீலின் வேலை நூலைச் சுற்றி வைத்திருப்பது மட்டுமே. சிக்கனக்காரர்களுக்கு ஒரு யோசனை: நூலில் இரு முனையும் ஒரே மாதிரி மெலிந்து வரும் 'டபுள் டேப்பர்' வகை உண்டு. ஒரு முனை தேய்ந்ததும் புரட்டிப் போட்டால் புது நூல்.

நூலுக்கும் பூச்சிக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு நரம்பு வேண்டும். 'லீடர்' என்பார்கள். அடியில் தடித்து நுனியில் மெலிந்து 9 அடி நீளம் இருக்கும். அதன் நுனித் துண்டின் தடிமனை 4எக்ஸ், 5எக்ஸ் என்று குறிப்பார்கள். எண் கூடக் கூட நரம்பு மெலியும். 5எக்ஸ் நரம்பின் தடிமன் சுமார் 0.15 மில்லிமீட்டர். தூண்டில் முள்ளிலும் அப்படித்தான், எண் பெரிதானால் முள் சிறிது. இரண்டையும் பொருத்த ஒரு சுலபக் கணக்கு: முள்ளின் எண்ணை மூன்றால் வகுத்தால் நரம்பின் எண் வரும். 12ம் எண் முள்ளுக்கு 4எக்ஸ். 14க்கும் 16க்கும் 5எக்ஸ்.

இனி பூச்சி. புதியவர்கள் மலைத்துப்போவது இங்கேதான். கடைகளின் விலைப் பட்டியலில் போலிப் பூச்சிகளின் பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. எதை வாங்குவது? பதில் ஆற்றிலேயே இருக்கிறது. கணுக்கால் அளவு நீரில் இறங்கி, தேங்காய் அளவுள்ள கல் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். அடிப்புறத்தில் சின்னஞ்சிறு உயிர்கள் நெளியும். தட்டையான உடலும், பெரும்பாலும் மூன்று வால் இழைகளும் இருந்தால் மே ஃப்ளையின் இளம் பருவம். தடித்த உடலும் இரண்டு வாலும் என்றால் ஸ்டோன் ஃப்ளை. மணலையும் சருகுத் துண்டையும் ஒட்டிச் செய்த சிறு குழாய் ஒட்டிக்கொண்டிருந்தால் அது காடிஸ் புழுவின் வீடு. டிரவுட்டின் சாப்பாட்டில் பெரும்பகுதி இந்த நீருக்கடி உயிர்கள். இவற்றின் அளவையும் நிறத்தையும் கண்ணில் வாங்கிக்கொண்டு, பெட்டியில் அதற்கு நெருக்கமானதை எடுத்துக் கட்டினால் பாதி வேலை முடிந்தது. பார்த்த கல்லை இருந்தபடியே திருப்பி வைத்துவிடுங்கள். அது அவற்றின் கூரை.

பெட்டியில் ஐந்து வகை இருந்தால் போதும். இங்கிலாந்தில் ஆற்றுக் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர் உருவாக்கிய 'ஃபெசன்ட் டெய்ல்' நிம்ஃப் முதலாவது. காட்டுக்கோழி இனப் பறவையின் வால் இறகை நூலுக்குப் பதில் மெல்லிய செம்புக் கம்பியால் சுற்றிக் கட்டினார் அவர். அந்தக் கம்பியின் எடையே பூச்சியை நீரில் அமிழ்த்திவிடும். இரண்டாவது, முயல் ரோமத்தில் கட்டும் 'ஹேர்ஸ் இயர்'. மேற்பரப்பில் மீன் வாய் திறப்பது தெரிந்தால் மிதக்கும் பூச்சிகள் வேண்டும். அதற்கு 1922ல் அமெரிக்காவின் மிச்சிகனில் பிறந்த 'ஆடம்ஸ்', மான் ரோமத்தால் நன்றாக மிதக்கும் 'எல்க் ஹேர் காடிஸ்'. இந்த நான்கிலும் 12, 14, 16 அளவுகள். ஐந்தாவது, கலங்கிய நீரிலும் ஆழ்மடுவிலும் சிறுமீன் போல நீந்தும் கறுப்பு 'வூலி பக்கர்', 8 அல்லது 10ம் அளவில். ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு வைத்துக்கொள்ளுங்கள். பாறையிலும் மரக்கிளையிலும் பாதி போய்விடும்.

வாங்கும்போது இறகு எங்கிருந்து வந்தது என்று ஒரு கேள்வி கேளுங்கள். நம் தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் நிறக் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகில், மெழுகு சொட்டியது போன்ற மஞ்சள், வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். தண்ணீரில் அது மீனின் கண் போலத் தெரியும். இந்த ஒரு அழகுக்காக மேற்குத் தொடர்ச்சி மலைச் சேவல்கள் கணக்கில்லாமல் கொல்லப்பட்டு, தோல்கள் இங்கிலாந்துக்குக் கப்பலேறின. இன்று 1972ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பறவையைக் காக்கிறது. வெளிநாடுகளில் வளர்ப்புப் பறவையின் இறகே விற்பனைக்கு இருக்கிறது. யாராவது 'நம்ம காட்டுச் சேவல் இறகு' என்று ரகசியமாக நீட்டினால், விலை மலிவு என்று வாங்காதீர்கள். வீட்டுக் கோழி இறகில் கட்டிய பூச்சியையும் டிரவுட் அதே ஆசையோடுதான் கவ்வும்.

வீச்சைப் பழக ஆறு வேண்டியதில்லை. புல்தரை போதும். முள்ளுக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூல் துண்டைக் கட்டுங்கள். கோலைப் பின்னே எடுத்து, நூல் பின்னால் முழுவதும் நீளும் வரை ஒரு கணம் பொறுத்து, பிறகு முன்னே செலுத்த வேண்டும். அந்தப் பொறுமைதான் வித்தையின் பாதி. அவசரப்பட்டால் சாட்டை அடித்த சத்தம் கேட்கும், பூச்சி அறுந்துபோகும். ஆற்றில் டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்துத் தலைவைத்து நிற்கும். எனவே கீழ்ப்பக்கமிருந்து மெல்ல நெருங்கி, மேல்நோக்கி வீசுங்கள். பூச்சி நீரோடு நீராகத் தானே மிதந்து வர வேண்டும். நூல் அதை ஒரு அங்குலம் இழுத்தாலும் மீனுக்குச் சந்தேகம் வந்துவிடும். எந்தப் பூச்சி என்பதைவிட அது எப்படி மிதந்து வருகிறது என்பதே பல நாட்களில் தீர்ப்பு சொல்கிறது. நீருக்குள் பார்க்க போலராய்டு கண்ணாடி அவசியம். வேகமாக வரும் முள்ளிலிருந்து கண்ணைக் காப்பதும் அதுதான்.

ஒரு காசும் செலவில்லாத ஒரு மாற்றம் உண்டு. முள்ளின் நுனிக்கு உட்புறம் பின்னோக்கி நிற்கும் சிறு கூரைக் குறடால் அழுத்தித் தட்டையாக்கிவிடுங்கள். மீனின் வாயிலிருந்து முள் நொடியில் கழலும். உங்கள் காதில் குத்தினாலும் அப்படியே. மூன்று முள் சேர்ந்த உலோகத் தகடுகளை வீசுகிறவர்கள் இன்னும் உண்டு. அவற்றில் மாட்டும் சிறு மீனை உயிரோடு திருப்பி விடுவது கடினம். விடப்போகும் மீனை ஈரக் கையால், நீருக்குள்ளேயே பிடியுங்கள். உலர்ந்த கை பட்டால் மேலுள்ள வழவழப்புப் பூச்சு உரிந்து, நோய் தொற்றும். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டும் வெயில் காலத்தில் கோலைச் சுருட்டி வையுங்கள். வெந்நீரில் போராடிக் களைத்த டிரவுட் நீந்திப் போவது போலத் தெரிந்தாலும் பிழைப்பது அரிது.

மீனின் உயிர் இருக்கட்டும், உங்கள் உயிர்? 2014 ஜூன் 8 அன்று லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட நீர், கீழே பியாஸ் ஆற்றில் படமெடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை அடித்துச் சென்றது. தீர்த்தன் ஆறு பியாஸோடு சேரும் இடம்தான் லார்ஜி. அணைக்குக் கீழே ஆற்றுக்குள் இறங்காதீர்கள். மற்ற இடங்களிலும் நீர் திடீரெனக் கலங்கினால், சருகு அடித்து வந்தால், கோலைப் பற்றி யோசிக்காமல் கரையேறுங்கள். நீர்புகாத கால்சட்டை அணிந்தால் இடுப்பில் இறுக்கமாக பெல்ட் கட்டுங்கள். இல்லாவிட்டால் விழுந்ததும் அதற்குள் தண்ணீர் நிறைந்துவிடும். கையில் ஒரு ஊன்றுகோல் இருக்கட்டும். ரீலில் மிச்சம் பிடிக்கும் பணத்தை நல்ல பிடிமானமுள்ள காலணியில் போடுங்கள். ஃபெல்ட் துணி அடிப்பாகம் வழுக்காது என்றாலும், அதில் ஊறிய பாசிக் கிருமிகள் ஒரு ஆற்றிலிருந்து இன்னொன்றுக்குப் பயணம் செய்யும். நியூசிலாந்து 2008ல் அதைத் தடை செய்ததற்குக் காரணம் இதுதான். எந்தக் காலணியானாலும் அடுத்த ஆற்றுக்கு முன் நன்றாகக் காயவையுங்கள்.

உரிமச் சீட்டு இல்லாமல் வீசக்கூடாது. அந்தந்த மாநில மீன்வளத் துறை அலுவலகத்தில் கிடைக்கும். எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம், எந்த அளவுக்கு மேல் என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். இமாசலத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி முடிய டிரவுட் நீர்நிலைகளில் தடை. பழுப்பு டிரவுட் முட்டையிடும் காலம் அது. ஜூலை, ஆகஸ்டில் மழை வெள்ளம். ஆக, மார்ச் முதல் ஜூன் வரையும், செப்டம்பர் பிற்பகுதி முதல் அக்டோபர் வரையும்தான் நல்ல நாட்கள்.

கடைசியாக ஒரு சங்கடமான விஷயம். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் பழுப்பு டிரவுட், வானவில் டிரவுட் இரண்டுமே இருக்கின்றன. இமயமலை ஓடைகளின் சொந்தக்காரன் பாறைப் பாசியை மேய்ந்து வாழும் பனி டிரவுட். பெயரில்தான் டிரவுட், உண்மையில் கெண்டை இனம். அதன் முக்கிய வகை ஒன்று இன்று அபாயத்துக்குள்ளாகக்கூடியது என்று சிவப்புப் பட்டியலில் ஏறியிருக்கிறது. அணைகளும் அளவுக்கு மீறிய மீன்பிடிப்பும் காரணங்கள். வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன்களும் ஒரு காரணம்.

அதற்காகத் தூண்டிலைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நூறு ஆண்டுக்கு மேல் வாழ்ந்துவிட்ட மீனைத் துரத்துவது நடக்கிற காரியமல்ல. பள்ளத்தாக்கின் விடுதிக்காரர்களும் வழிகாட்டிகளும் அதை நம்பிப் பிழைக்கிறார்கள். டிரவுட்டுக்காக ஆற்றைச் சுத்தமாக வைத்திருந்தால் பனி டிரவுட்டுக்கும் அது நல்லதுதான். ஆனால் டிரவுட் இல்லாத ஓடைகளில் புதிதாகக் குஞ்சு விடச் சொல்லி எந்தத் தூண்டில்காரரும் கேட்கக்கூடாது. உங்கள் முள்ளில் பனி டிரவுட் மாட்டினால் உடனே விட்டுவிடுங்கள். உரிமம் அனுமதிக்கும் பழுப்பு டிரவுட் ஒன்றிரண்டை வீட்டுக்காரர் கடுகெண்ணெயில் பொரித்துக் கொடுத்தால், மனச்சாட்சி உறுத்தாமல் சாப்பிடலாம்.