பெயர் சூட்டும் உரிமை யாருக்கு?



மதுரையில் வைகையின் வடகரையில், தறிகளுக்குப் பெயர் பெற்ற செல்லூரில் ஒரு வீட்டைத் தேடிச் செல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாசலில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு கதவு எண்கள் இருக்கும். வார்டு எண்ணைக் கேட்டால் பெரியவர் ஒன்றைச் சொல்வார். வரி ரசீதில் வேறொன்று இருக்கும். 2011ஆம் ஆண்டில் மதுரை மாநகராட்சியின் எல்லை விரிந்து 72 வார்டுகள் 100 ஆயின. பல பகுதிகளின் வார்டு எண்களும் மாறின. ஆனால் அந்த வீட்டுக்கு வரும் கடிதத்தில் உள்ள 625002 என்ற அஞ்சல் குறியீட்டு எண் மாறவில்லை. ஏன்?

1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த அந்த எண் திட்டத்தை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்னும் அதிகாரி. அதன் அமைப்பைப் பாருங்கள். முதல் இலக்கமான 6 தமிழ்நாடு, கேரளம் முதலியவை அடங்கிய மண்டலத்தைக் குறிக்கிறது. முதல் மூன்று இலக்கங்களான 625 மதுரையைக் குறிக்கின்றன. கடைசி மூன்று இலக்கங்கள் கடிதத்தைப் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைக் காட்டுகின்றன. ஆகவே, டில்லியில் கடிதத்தைப் பிரிப்பவருக்குச் செல்லூர் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. முதல் இலக்கத்தைக் கண்டு தெற்கே அனுப்பினால் போதும். எஞ்சியதை இங்குள்ளவர்கள் பார்த்துக்கொள்வார்கள். யார் எதை அறிந்திருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே பங்கிட்டுவிட்டதால்தான், தேர்தலுக்காக வார்டுகளை மாற்றியபோதும் தபாலுக்குக் குழப்பம் வரவில்லை.

இதே சிக்கல் கணிப்பொறிகளுக்கும் வந்தது. அமெரிக்காவில் இணையத்துக்கு முன்னோடியாக இருந்த அர்பாநெட் வலையில், கணிப்பொறிகளின் பெயர்கள் எல்லாம் ஒரே பட்டியலில் இருந்தன. கலிபோர்னியாவில் இருந்த ஒரு நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழுவினர் அதைப் பராமரித்தனர். புதிய கணிப்பொறி ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் அவர்களுக்குத்தான் தெரிவிக்க வேண்டும். பிறகு ஒவ்வோர் இடமும் அப்பட்டியலைப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். கணிப்பொறிகள் பெருகியபோது இம்முறை தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வேறு வழியை வகுத்தார். பட்டியலை மரமாக்கி, ஒவ்வொரு கிளையையும் அந்தந்த இடத்தாரிடமே ஒப்படைத்தார்.

நம் நாட்டுக்குரிய '.இன்' என்னும் கிளை 1989இல் வந்தது. அதற்குள் அரசு அலுவலகங்களுக்கான 'கவ்.இன்' கிளையைத் தேசியத் தகவலியல் மையமும், கல்லூரிகளுக்கான 'ஏசி.இன்' கிளையை எர்நெட் நிறுவனமும் கவனிக்கின்றன. நாம் விலாசம் எழுதும்போது வீட்டு எண், தெரு, ஊர் என்று சிறியதிலிருந்து பெரியதற்குப் போகிறோம் அல்லவா? இணையப் பெயரும் அப்படித்தான். வலமிருந்து இடமாகப் படித்தால் யார் யாருக்கு உரிமை கொடுத்தார்கள் என்பது விளங்கும்.

இனி நம் வீட்டுக்கு அருகே வருவோம். கல்லூரி, ஆலை, மருத்துவமனை போன்ற பெரிய நிறுவனங்கள் பலவற்றில் இன்று ஒரு 'பெயரேடு' இருக்கிறது. அதுவும் கணிப்பொறியில் உள்ள ஏடுதான். வலையில் உள்ள ஆட்கள், கணிப்பொறிகள், அச்சுப்பொறிகள் ஆகியவற்றின் பெயர்களும், யார் எதைத் திறக்கலாம் என்ற விவரமும் அதில் இருக்கும். வருகைப் பதிவேட்டையும் சாவிக் கொத்தையும் ஒன்றாகக் கட்டியது போன்றது அது.

நான் முன்பு பணியாற்றிய கல்லூரி ஒன்றில் இந்த ஏட்டை யோசியாமல் அமைத்தார்கள். பெயர்களைச் சேர்க்கவும், நீக்கவும், மறந்துபோன கடவுச்சொல்லை மாற்றித் தரவும் ஒருவருக்கு மட்டுமே உரிமை. 'அப்போதுதான் பாதுகாப்பு' என்றார்கள். அகமதிப்பீட்டு மதிப்பெண்களை அனுப்ப வேண்டிய வாரத்தில் அவர் நோயுற்று மருத்துவமனையில் சேர்ந்தார். கடவுச்சொல்லை மறந்த ஆசிரியர் மூவரால் மதிப்பெண் ஏட்டைத் திறக்க முடியவில்லை. வேறு வழியின்றி, எல்லாவற்றையும் திறக்கும் அவருடைய கடவுச்சொல்லையே தொலைபேசியில் கேட்டு வாங்கி, ஒரு தாளில் எழுதி அலுவலகத்தில் ஒட்டினார்கள். வேலை முடிந்தது. ஆனால் அன்று முதல் யார் வேண்டுமானாலும் எந்த மாணவனின் மதிப்பெண்ணையும் திருத்தியிருக்கலாம். யாரும் திருத்தவில்லை என்றே நம்புகிறேன். ஆனால் அதை நிரூபிக்க எவராலும் முடியாது.

உரிமையை ஒரே கையில் குவித்து வைத்தால் பாதுகாப்பு வளர்வதில்லை. ஓர் அவசரத்தில் அது எல்லார் கைக்கும் போய்விடுகிறது. ஆகவே, அளவோடு முன்கூட்டியே பங்கிடுவதுதான் பாதுகாப்பு என்பது என் கருத்து. அதற்கு மூன்று விதிகளைச் சொல்வேன்.

முதல் விதி: மாறக்கூடியதைக் கொண்டு பெயர் வைக்காதீர்கள். ஆசிரியரின் பெயரைக் கணிப்பொறிக்கு வைத்தால் அவர் ஓய்வு பெற்றதும் பெயர் பொய்யாகிவிடும். ஆட்களின் பெயரிலும் கவனம் வேண்டும். மதுரையில் எத்தனை மீனாட்சிகள்! முதலெழுத்தும் ஒன்றாக இருப்பவர்கள் பலர். திருமணத்துக்குப் பின் முதலெழுத்தை மாற்றிக்கொள்ளும் பெண்களும் உண்டு. எனவே ஏட்டுக்குள் ஒவ்வொருவருக்கும் என்றும் மாறாத ஓர் எண் இருக்கட்டும். வெளியே தெரியும் பெயர் மாறினால் மாறட்டும். ரயில்வேயைப் பாருங்கள். மதராஸ் சென்னை ஆயிற்று. சென்ட்ரல் நிலையத்துக்கும் 2019இல் எம்.ஜி.ஆர். பெயர் சூட்டப்பட்டது. ஆயினும் அதன் குறியீடு 'எம்ஏஎஸ்' அப்படியே இருக்கிறது.

இரண்டாம் விதி: பதவிப் படிநிலையைப் பார்த்துக் கிளை பிரிக்காதீர்கள், பொறுப்பைப் பார்த்துப் பிரியுங்கள். இயற்பியல், வேதியியல் ஆய்வகங்கள் இரண்டையும் ஒரே உதவியாளர் பராமரித்தால் அவை ஒரே கிளையில் இருக்கலாம். துறைகள் இரண்டாயிற்றே என்று இரண்டு கிளைகள் வைத்தால் வேலைதான் இரட்டிக்கும். தேவைக்கு மேல் கிளைகள் பெருகினால் ஏட்டைக் கவனிப்பவருக்கே வழி தவறும்.

மூன்றாம் விதி: கொடுக்கும் உரிமைக்கு எல்லை கட்டுங்கள். துறை அலுவலகம் தன் மாணவர்களுக்குக் கடவுச்சொல்லை மாற்றித் தரலாம். தேர்வுப் பிரிவின் கிளையை அது தொடக்கூடாது. எல்லாவற்றையும் திறக்கும் உரிமை இருவரிடமேனும் இருக்க வேண்டும். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது தானாகவே பதிவாக வேண்டும்.

'பல கைகள் பட்டால் தவறு மலியுமே' என்று கேட்பீர்கள். தவறு வரத்தான் செய்யும். ஆனால் அது அந்தக் கிளையோடு நிற்கும். யார் செய்தது என்பதும் தெரியும். தவிரவும், உரிமையைப் பங்கிடுவது என்றால் கதவைத் திறந்துபோடுவது என்று பொருளல்ல. வங்கிகளின் பெயரில் போலி இணையதளங்கள் மக்களை ஏமாற்றியதால், 2025இல் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளையும் 'பேங்க்.இன்' என்ற தனிக் கிளைக்கு மாறச் சொன்னது. அதில் இடம் தரும் பொறுப்பை ஐதராபாத்தில் உள்ள ஒரே நிறுவனத்திடம் ஒப்படைத்தது. வங்கி அல்லாதவர் அக்கிளைக்குள் நுழைய முடியாது. நுழைந்த வங்கியோ தன் பெயரின் கீழ் வேண்டிய பெயர்களைத் தானே வைத்துக்கொள்ளலாம். மேலிடம் வாசலைக் காக்கிறது. வீட்டை வீட்டுக்காரர் நடத்துகிறார்.

உங்கள் பள்ளிக் கணிப்பொறி ஆய்வகத்துக்கும் இது பொருந்தும். ஆசிரியரின் அனுமதியோடு ஒரு தாளில் அதன் மரத்தை வரைந்து பாருங்கள். எத்தனை பொறிகள், என்னென்ன பெயர்கள், எதற்கு யார் பொறுப்பு என்று எழுதுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: 'பொறுப்பானவர் நாளைக்கு வராவிட்டால் என்ன ஆகும்?' பதில் சொல்ல முடியாத இடம் எதுவோ, அங்கேதான் உங்கள் திட்டத்தைத் திருத்த வேண்டும்.