கோப்பின் கனமும் ஆசிரியரின் தரமும்

ஓர் ஆசிரியரின் பணியை எதைக்கொண்டு அளப்பது? தேர்ச்சி விழுக்காட்டைக் கொண்டு என்பது நமக்குப் பழகிப்போன விடை. அது நேர்மையான விடை அன்று. படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்போடு வெளியேற்றிவிட்டு, பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு எனப் பதாகை கட்டும் பள்ளிகளை நாம் அறிவோம்.

இதற்கு மாற்றாக முன்வைக்கப்படுவதே பணித்தொகுப்பு முறை. பாடத்திட்டம், மாணவரின் கட்டுரைகள், அவற்றில் ஆசிரியர் இட்ட திருத்தங்கள், வகுப்பின் ஒளிப்பதிவு, இதை ஏன் இவ்வாறு கற்பித்தேன் என்னும் தன்விளக்கம் ஆகியவற்றை ஆசிரியரே திரட்டி அளிக்கும் கோப்பு இது. 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லீ ஷுல்மனும் அவருடைய குழுவினரும் இதனை ஆராய்ந்தனர். தன் பணியைத் தானே திரும்பிப் பார்க்கவும், உடன்பணியாற்றுவோருடன் அதுபற்றி உரையாடவும் ஆசிரியருக்கு இது நல்லதொரு கண்ணாடி. இதனை நாம் எதிர்க்கவில்லை. கண்ணாடியைத் தராசாக்குவதையே எதிர்க்கிறோம்.

அவ்வாறு ஆக்கியதன் விளைவை அந்நாடே கண்டது. எட்டிபிஏ என்னும் பணித்தொகுப்புத் தேர்வு 2013-இல் அங்கே நடைமுறைக்கு வந்தது. பணிக்கு வரவிருந்த இளம் ஆசிரியர் 300 டாலர் கட்டணத்துடன் தம் கோப்பை அனுப்ப வேண்டியிருந்தது. அவருடைய மாணவரை நேரில் கண்டிராத ஒருவர் எங்கிருந்தோ மதிப்பெண் இட்டார். கற்பிக்கப் பழக வேண்டிய காலத்தில் கோப்பு எழுதப் பழகுகிறோம் என்ற குறை எழுந்தது. 2014-இல் இதனைக் கட்டாயமாக்கிய நியூயார்க் மாநிலம் 2022-இல் அந்நிபந்தனையை நீக்கியது.

எழுத்துச் சான்று இல்லையேல் நிர்வாகியின் விருப்பு வெறுப்பே தீர்ப்பாகிவிடாதா எனச் சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆகவேதான் கோப்பு இருக்கட்டும் என்கிறோம். ஆனால் அதைப் படிப்பவர் அந்த வகுப்பில் பலமுறை அமர்ந்தவராய் இருக்க வேண்டும். ஆசிரியரின் மறுமொழியைக் கேட்ட பின்னரே தம் கருத்தைப் பதிய வேண்டும். கோப்பை மட்டும் காட்டி எவருடைய பதவி உயர்வையும் மறுத்தல் ஆகாது.

நம் பள்ளிகளின் பாடக்குறிப்பேடுகளே இதற்குச் சான்று. சென்ற ஆண்டின் குறிப்பை இவ்வாண்டு படியெடுப்பதும், அதனைப் படிக்காமலே தலைமையாசிரியர் ஒப்பமிடுவதும் நாம் அறியாதவையல்ல. இந்த நோயைத் தீர்க்காமல் புதிய கோப்பொன்றைப் புகுத்தினால், படியெடுக்கும் சுமைதான் கூடும்.

எழுத்துக்கூட்டத் திணறும் ஒரு சிறுவனுக்காக மாலையில் ஒரு மணி நேரம் தங்கிவிடும் ஆசிரியைக்குக் கோப்பை அழகுபடுத்த நேரம் இராது. அந்த ஒரு மணி நேரத்தைக் காண, பள்ளி மேலாளர்களும் பெற்றோரும் ஆகிய நம்மில் எத்தனை பேர் வகுப்பறை வாயில்வரை நடந்திருக்கிறோம்?