வாங்குவோர் மனத்தை அறிவோம்

சங்கத்து அங்கத்தினர் இருவர் கூடிப் பேசினால் அடிக்கடி காதில் விழும் சொல் ஒன்று உண்டு: "சரக்கு நல்ல சரக்குத்தான், வாங்குவதற்குத்தான் ஆளில்லை." சரக்கு நல்லதென்று தீர்ப்பளித்தவர்கள் நாமே. வாங்குவோரை நாம் கேட்டோமா?

இதற்கு நல்லதொரு படிப்பினை, கெலவரப்பள்ளிக்கு அண்மையில் ஓசூரிலேயே இருக்கிறது. 1984-ஆம் ஆண்டில் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் நிறுவனம், ஓசூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலை அமைத்தது. 1990-களில் 'தனிஷ்க்' என்னும் பெயருடன் நகைத் தொழிலிலும் இறங்கியது. முதலில் 18 காரட் தங்கத்தில், மேல்நாட்டுப் பாணியில் நகைகளைச் செய்தது. வேலைப்பாட்டில் குறையில்லை, ஆயினும் விற்பனை ஓங்கவில்லை, நட்டமே நேர்ந்தது.

காரணம் யாது? நம் நாட்டில் நகை அழகுப் பொருள் மட்டுமன்று. அது பெண்ணுக்குச் சேர்க்கும் சீர்; முடை வந்தால் அடகு வைக்கும் முதல். 22 காரட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 92 பங்கு பொன் உண்டு. 18 காரட்டில் 75 பங்குதான். சேமிப்பாக எண்ணி நகை வாங்கும் தாய் இதற்கு எங்ஙனம் இசைவாள்?

இதனை உணர்ந்த நிறுவனம் 22 காரட்டுக்கும் நம் நாட்டு வேலைப்பாட்டுக்கும் திரும்பிற்று. வாங்குவோர் உள்ளத்தில் சொல்லாமல் கிடந்த இன்னோர் ஐயத்தையும் அது கண்டுகொண்டது. "கடைக்காரர் கூறும் மாற்று மெய்தானா?" என்பதே அது. நகையைச் சிதைக்காமல் சில நிமிடங்களில் மாற்றைக் காட்டும் 'காரட் மீட்டர்' என்னும் கருவியைக் கடைகளில் வைத்தது. தம் பழைய நகை, வாங்கியபோது சொன்ன மாற்றில் இல்லை என்பதைப் பலர் கண்ணாரக் கண்டனர். நம்பிக்கை பிறந்தது, வியாபாரமும் வளர்ந்தது.

பெரிய நிறுவனங்கள் இத்தகைய ஆராய்ச்சிக்கு வல்லுநர்களை அமர்த்தும். நமக்கு அவ்வளவு பணம் ஏது என்று சிலர் கேட்கலாம். நமக்கு வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகமும் அதில் எழுதும் பழக்கமுமே. நம் விற்பனை நிலையங்களில் விற்றதைக் கணக்கில் எழுதுகிறோம். கேட்டு வந்தவர் கிடைக்காமல் திரும்பியதை எழுதுவதில்லை. "சாயம் போகுமா?", "இந்தக் கரை வேறு நிறத்தில் உண்டா?", "இதே புடவை எடை குறைவாகக் கிடைக்குமா?" என்று வந்த கேள்விகள் அன்றே காற்றில் கலந்துவிடுகின்றன. தறிக்காரர் அவற்றை அறியாமல் அதே புடவையை நெய்கிறார். அது அலமாரியில் தேங்குகிறது. பண்டிகைத் தள்ளுபடியில் கழிகிறது. தேங்கிய சரக்கில் முடங்குவது அங்கத்தினரின் கூலியே அன்றோ?

விவசாய அன்பர்களுக்கு இது இன்னும் கூர்மையான செய்தி. தென்பெண்ணை ஆறு பெங்களூரு நகரின் கழிவைச் சுமந்து வருவதும், கெலவரப்பள்ளி அணையிலிருந்து வெளியேறும் நீரில் வெண்ணுரை பொங்குவதும் நாடறிந்த செய்திகள். ஆகவே, "இது எந்த நீரில் விளைந்தது?" என்ற ஐயம் காய்கறி வாங்குவோர் நெஞ்சில் எழுவது இயல்பே. அவர் வாய்விட்டுக் கேட்பதில்லை. பேசாமல் அடுத்த கடைக்குச் சென்றுவிடுகிறார். கிணற்று நீரில் விளைவித்தவரும் இந்த ஐயத்துக்குத் தப்புவதில்லை.

இங்கே நமக்கும் ஒரு காரட் மீட்டர் வேண்டும் என்பது என் கருத்து. சங்கத்தின் செலவில் பாசன நீரையும் விளைபொருளையும் முறையாகச் சோதிப்போம். முடிவு எதுவாயினும் அதனை மறையாமல் விற்குமிடத்தில் எழுதி வைப்போம். நன்றாக இருப்பின் நம் காய்க்கு மதிப்பு உயரும். தீதாக இருப்பின், அந்நீர் பாயும் நிலத்தில் கீரையும் காயும் விடுத்து மலர்ப் பயிருக்கு மாறுவதைப் பற்றிச் சிந்திப்போம். நீரைத் தூய்மை செய்யுமாறு இரு மாநில அரசுகளையும் வற்புறுத்தவும் அச்சான்று பயன்படும். நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தயங்கும் பொருளைப் பிறர் பிள்ளைகளுக்கு விற்பது கூட்டுறவு ஆகாது.

மக்கள் மனத்தை அறிந்து, வேண்டாத ஆசையை ஊட்டி விற்பாரும் உலகில் உண்டு. அது நம் வழியன்று. வாங்குவோரின் தேவையையும் ஐயத்தையும் அறிந்து நேர்மையாக விடையளிப்பதே நம் வழி. அடுத்த மாதம் முதல் ஒவ்வொரு விற்பனை நிலையத்திலும் 'கேட்டும் கிடைக்காதவை' என்று ஒரு நோட்டுப் புத்தகம் திறக்கப்பட்டு, அது நிர்வாகக் குழுக் கூட்டந்தோறும் படிக்கப்பட வேண்டும். அங்கத்தினர்கள் இதனை ஆலோசித்து ஆவன செய்வார்களாக.