கிரகணத்தன்று மாடிக்கு வாருங்கள்

முழுச் சந்திர கிரகணம் பார்க்கக் கண்ணாடியும் வேண்டாம், தொலைநோக்கியும் வேண்டாம். மொட்டை மாடியும் கொஞ்சம் தூக்கத்தை விட்டுக்கொடுக்கும் மனசும் போதும். பௌர்ணமி நிலவைவிட மங்கிய வெளிச்சம் கண்ணை என்ன செய்துவிடும்? இருந்தும் அந்த நேரத்தில் எங்கள் தெருவில் பல வீடுகளின் கதவு சாத்தியே இருக்கிறது.

2025 செப்டம்பர் 7 ஞாயிற்றுக்கிழமை. மருமகளுக்கு ஏழு மாதம். சம்பந்தியம்மா மாலையிலிருந்தே போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "பிள்ளைய வெளிய விட்டுறாதீங்க மதினி. அரிவாமணையத் தொட விடாதீங்க." குழந்தைக்கு உதடு பிளந்துவிடும் என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்தை நான் அறிவேன். 1982 ஜனவரி கிரகணத்தன்று மூத்தவனை வயிற்றில் வைத்துக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் உள்ளறையில் கிடந்தவள் நான். மாமியார் தாம்பாளத்தில் உலக்கையை நிறுத்தி, அது சாய்ந்த பிறகுதான் கதவைத் திறந்தார். ஆசையாகத்தான் செய்தார்கள். ஆனால் சிசுவின் உதடு கூடுவது கர்ப்பத்தின் நான்காம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையில். ஏழாம் மாதத்தில் நிலா அதைப் பிளக்க முடியாது. பிள்ளைத்தாச்சியைத் தாகத்தோடும் பசியோடும் போட்டுவைப்பதுதான் கெடுதல். சம்பந்தியம்மாவிடம் இதைப் பொறுமையாகச் சொன்னேன்.

சாப்பிட்டுவிட்டு மருமகளை மாடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். 9.57க்கு நிலாவின் ஓரத்தில் கருமை ஏறியது. அதன் விளிம்பு வளைந்திருப்பதைப் பேரனுக்குக் காட்டினேன். பூமி உருண்டை என்பதற்கு அரிஸ்டாட்டில் காட்டிய சான்று அதுதான். 11 மணிக்கு நிலா முழுவதும் நிழலுக்குள் போய்ச் செம்பு நிறமானது. பூமியைச் சுற்றியுள்ள காற்று, சூரிய ஒளியில் நீலத்தைச் சிதறடித்துவிட்டுச் சிவப்பை மட்டும் நிழலுக்குள் வளைத்து அனுப்புகிறது. அந்த நேரத்தில் பூமியின் விளிம்பெங்கும் நடக்கும் உதயங்கள், அஸ்தமனங்கள் எல்லாவற்றின் சிவப்பும் சேர்ந்து நிலாவில் விழுகிறது. நடுவில் மேகம் மறைத்தது, விலகியது. அதுவரை நிலவொளியில் தெரியாமலிருந்த நட்சத்திரங்கள் வெளியே வந்தன. 82 நிமிடம் அப்படியே இருந்தது. மருமகள் கீழே இறங்க மறுத்துவிட்டாள். நவம்பரில் பேத்தி பிறந்தாள், நலமாக இருக்கிறாள்.

பார்க்கக் கூடாது என்பவர்கள் பஞ்சாங்கத்தைத் துணைக்கு அழைக்கிறார்கள். பஞ்சாங்கம் கணித்தவர்களின் பெருமை எனக்கும் உண்டு. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைக் காணப் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டியிடம், தமிழர் ஒருவர் சோழிகளை நகர்த்தியே கிரகணக் கணக்குப் போட்டுக் காட்டினார். 1765 ஆகஸ்ட் 30 கிரகணத்தின் கால அளவில் அவர் கணக்கின் பிழை 41 விநாடி. ஐரோப்பாவே மெச்சிய டோபியாஸ் மேயரின் அட்டவணையில் பிழை 68 விநாடி. அண்ணாந்து பார்த்த தலைமுறைகள் இல்லாமல் அந்த வாய்பாடுகள் வந்திருக்குமா? அவர்கள் பேரால் நம் பெண்களை அறைக்குள் பூட்டுவது அவர்களுக்கே இழுக்கு.

நம் ஊரில் முழுமையாகப் பார்க்கக் கிடைக்கும் அடுத்த முழுக் கிரகணம் 2028 டிசம்பர் 31 இரவு. பத்து மணிக்குச் சற்று முன் சிவக்கும் நிலா பதினொன்று வரை அப்படியே இருக்கும். புத்தாண்டுக்காக எப்படியும் விழித்திருப்பீர்கள். சாப்பாட்டை மாடிக்கே கொண்டுபோங்கள்; வீட்டில் பிள்ளைத்தாச்சி இருந்தால் அவளையும் கூட்டிப்போங்கள்.